துரைசானியின் குட்டிகள்

துரைசானி அந்த ஆண்டு எந்த ஆணுடனும் சேரவில்லை. ஆனாலும் முட்டையிட்டாள்.

துரைசானி ஒரு பாம்பு. மினுமினுக்கும் கறுப்பு உடம்பு, அதில் தலைமுதல் வால்வரை வெள்ளை வளையங்கள். எலியைப் போட்டால் உடனே தொடமாட்டாள். வேலையாட்கள் எல்லாரும் வெளியே போகும்வரை மூலையில் சுருண்டு கிடப்பாள், பிறகுதான் சாப்பிடுவாள். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான், தோட்டத்துப் பழைய வெள்ளைக்காரத் துரைகளின் மனைவிமாரைக் கூப்பிட்ட பெயரை அவளுக்கு வைத்தார்கள்.

பந்தலூருக்கு மேலே மழைமுகட்டு எஸ்டேட். தேயிலைக் கம்பெனி கைவிட்டுப் போன பிறகு தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டத்தை எடுத்து நடத்தினார்கள். தேயிலையை மட்டும் நம்பி வயிறு நிறையாது என்று தெரிந்ததும், ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியைப் பாம்புக்கூடமாக மாற்றினார்கள். அங்கே வளர்ந்தவை அமெரிக்காவிலிருந்து வந்த கிங் ஸ்னேக் பாம்புகள். அவற்றுக்கு விஷம் கிடையாது. விஷப் பாம்புகளைப் பிடித்துத் தின்பவை. கடிபட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. விஞ்ஞானிகள் அவற்றில் ஒரு மரபணுவைச் சேர்த்து, அவற்றின் ரத்தத்தை நம் ஊர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அசையாதபடி ஆக்கியிருந்தார்கள். அந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் இப்போது நாடு முழுக்கப் பாம்புக்கடி மருந்து. குதிரைக்கு விஷம் ஏற்றி மருந்து எடுத்த காலம் மலையேறிவிட்டது.

ஐந்தாவதாக ஒரு பாம்பு மட்டும் எந்த மருந்துக்கும் பிடிபடாமல் இருந்தது. கூர்மூக்கு விரியன். காய்ந்த இலையின் நிறத்தில், தேயிலைச் செடியின் தூருக்குள் கிடக்கும். ஆளை உடனே கொல்லாது. சிறுநீரகத்தைக் கொல்லும். பாம்புக்கூடத்தின் பொறுப்பாளர் யோகராணியின் கணவர் சிவபாதத்தைக் கடித்தது அதுதான். சங்கச் செயலாளராக மலைமலையாக ஏறி இறங்கியவர், இப்போது தாலுகா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு வாரத்தில் பாதியைக் கழிக்கிறார்.

யோகராணி அதே எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்து, ஊட்டியில் விலங்கியல் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். துரைசானி முட்டையிட்டதும் அவள் அதிகம் யோசிக்கவில்லை. பாம்புகள் போன பருவத்தில் சேர்ந்த ஆணின் விந்தை உடம்பில் வைத்திருந்து பிறகு பயன்படுத்துவதுண்டு. அப்படித்தான் இருக்கும் என்று முட்டைகளை எடுத்துப் பொரிப்புப் பெட்டியில் வைத்தாள்.

ஆடி மழையில் முதல் முட்டை கிழிந்தது. வெளியே நீண்ட தலை மணல் நிறத்தில் இருந்தது.

யோகராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். முழு உடம்பும் வெளியே வந்தபோது அதில் வளையமே இல்லை. முதுகு நெடுக ஒரே ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அடுத்தது பால்வெள்ளை, சிவப்புக் கண். இன்னொன்றில் வளையங்கள் உடைந்து புள்ளிகளாகச் சிதறியிருந்தன. ஒன்று செம்மண் நிறம். கடைசியில் வந்தது கோடும் புள்ளியும் எதுவுமில்லாமல், தேயிலைத் தூள்போல மங்கிய பழுப்பு.

இது பெரிய வில்லங்கம் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ஆனால் முதலில் அவள் மனதில் எழுந்தது பயமில்லை, பெருமை. இப்படி ஒரு ஈற்றை இந்த மலையில் யாரும் பார்த்ததில்லை.

சங்கத் தலைவி மங்களேஸ்வரி மாடிப்படி ஏறி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பாதி ஆயுள் கொழுந்து பறித்துவிட்டுத் தலைவியானவள்.

"இதென்னாடி, துணிக்கடையாட்டம் இருக்கு? வளையம் எங்க?"

"ஒண்ணுலயும் ஒழுங்கா இல்லக்கா."

மங்களேஸ்வரியின் முகம் மாறியது. விதி அவளுக்கும் தெரியும். மருந்துக்கான மரபணுவை விஞ்ஞானிகள் வளையத்துக்கான மரபணுவுக்குப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தார்கள். வெள்ளை வளையம்தான் அடையாளம். வளையம் தவறிப் பிறந்தால் வெளி இனம் கலந்துவிட்டது என்று பொருள். அத்தகைய குட்டிகளை அழிக்க வேண்டும், வாரியத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வந்து பார்க்கும்வரை ஒரு சீசா மருந்துகூட வெளியே போகக்கூடாது.

"சத்தமில்லாம புதைச்சிட்டா யாருக்குடி தெரியப்போவுது?" என்றாள் மங்களேஸ்வரி மெதுவாக. "இந்த மாடிய நம்பித்தான் பாதி லைன்ல அடுப்பெரியுது."

"எனக்குத் தெரியும்லக்கா. சீசா மேல மழைமுகடுன்னு நம்ம பேரு ஒட்டியிருக்கு. நெசமாவே கலப்படம் ஆயிருந்தா, அத நம்பி ஊசி போட்டுக்கிறவன் கதி என்னாவுறது?"

மங்களேஸ்வரி பெட்டியை மூடினாள். பிறகு, "சொல்லிடு" என்றாள். "நம்ம பேருல பொய்யி வேணாம்."

சென்னையிலிருந்து மருந்து உரிம வாரியத்தின் ஆய்வாளர் டாக்டர் ரெஹானா வந்தார். கறார் பேர்வழி என்று கேள்விப்பட்டிருந்தார்கள், அப்படியே இருந்தார். கூடத்துக்கு முத்திரை வைத்தார். ஒவ்வொரு கூண்டின் பூட்டையும் இழுத்துப் பார்த்தார்.

"செல்லப் பிராணிச் சந்தையில இந்த மாதிரிக் கலர்களுக்கு எவ்வளவு கிராக்கின்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?" என்று கேட்டார்.

யோகராணிக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்னைய திருடின்னு சொல்றீங்களா மேடம்?"

"வெளி ஆண் ஒண்ணு இங்க வந்திருக்குன்னு சொல்றேன். தானா வந்திருக்காதில்ல?"

"அப்ப பரிசோதனை பண்ணிப் பாருங்க. முதல் சட்டைய உரிச்சுப் போட்டிருக்குங்க, அதையே எடுத்துட்டுப் போங்க. முடிவு வர்றவரைக்கும் ஒரு குட்டிமேலயும் கை படக்கூடாது. கலப்படம்னு வந்துச்சுன்னா நானே என் கையால முடிச்சிர்றேன்."

ரெஹானா அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோலுறைகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

முடிவைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். அவர் மலையேறித் திரும்பி வந்தார். யோகராணியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வெளி ஆண் இல்ல. உள் ஆணும் இல்ல. ரெண்டு ஆய்வுக்கூடத்துல பார்த்துட்டேன். இந்தக் குட்டிகளுக்கு அப்பாவே இல்ல."

"எப்படி மேடம்?"

"உங்க துரைசானி தனியாவே பெத்திருக்கா. பாம்புகள்ல ரொம்ப அபூர்வமா நடக்கும். தன்னோட கரு முட்டையத் தானே இரட்டிச்சுக்கும். அதனால அம்மாகிட்ட ஒத்தையா இருந்த மரபணு இதுங்ககிட்ட ரெண்டா இருக்கும், இல்லன்னா சுத்தமா இருக்காது. சில நிறங்கள் ரெட்டையா வந்தாத்தான் வெளிய தெரியும், வந்தா வளையத்தையே மறைச்சிடும். இவ்வளவு வருஷமா கறுப்பு வெள்ளைக்குக் கீழ அதெல்லாம் அவளுக்குள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கு."

"அப்ப மருந்து மரபணு?"

"சிலதுல இல்லவே இல்ல. சிலதுல ரெட்டையா இருக்கு. ரெட்டையா வந்தா கருவே தங்காதுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம். இதுங்க ரத்தம் கூர்மூக்கு விரியனுக்குக்கூட மருந்தாகுமோ என்னமோ, யாருக்கும் தெரியாது." ரெஹானா கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நான் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க யோகராணி."

யோகராணி எழுந்து, ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு போய் வேறு சூடாகப் போட்டு வந்து வைத்தாள். மன்னிப்புக்கு அதுதான் அவள் சொன்ன பதில்.

"அப்போ முத்திரைய எடுத்துடலாமா?"

ரெஹானா தலையசைத்து மறுத்தார். "விதி அப்பா யாருன்னு கேக்கல. நிறம் என்னன்னுதான் கேக்குது. வளையமில்லாத குட்டி ஒண்ணு உயிரோட இருக்கிறவரைக்கும் இந்தக் கூடத்துலேர்ந்து மருந்து விற்க முடியாது. இன்னைக்கு அழிச்சீங்கன்னா நாளைக்கே உரிமத்தத் திருப்பிக் கொடுத்துடுவேன். விதிய மாத்தணும்னா இதுங்க வளர்ந்து, ரத்தம் எடுத்து, இப்ப இருக்கிறதவிட நல்ல மருந்துன்னு நிரூபிக்கணும். ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும். நிரூபிக்க முடியாமலும் போகலாம்."

சங்கத்தின் பொதுக்கூட்டம் ஃபேக்டரியில் தேயிலை சலிக்கும் கூடத்தில் நடந்தது. தகரக் கூரையில் மழை அறைந்ததால் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. முதலில் எழுந்தவர் சிவபாதம். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"குட்டிகள அழிச்சிடணும்னு நான் சொல்றேன்" என்றார். "பேசுறது யோகராணியோட புருஷன்தான். உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். இவரைக் கடிச்ச பாம்புக்கு மருந்து கிடைக்கும்னுதான் அந்தம்மா அடம்பிடிக்குதுன்னு நெனக்கிறீங்க. என் ஒருத்தன் கிட்னிக்காக நானூறு குடும்பம் பட்டினி கிடக்க வேணாம். அப்படிக் கிடந்தா நான் செயலாளரா இருந்ததுக்கே அர்த்தமில்ல."

கூடத்தில் சலசலப்பு. யோகராணி எழுந்தாள். வீட்டில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் பேசினத கேட்டீங்க. இப்ப ஒண்ணு சொல்றேன். நாளைக்கே அந்த மருந்து கிடைச்சாலும் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. போன கிட்னி திரும்பாது. அது கடிச்ச சூட்டோட போட வேண்டிய ஊசி. அதனால இத நான் அவருக்காகக் கேக்கல." மழைச் சத்தத்தை மீறிக் குரலை உயர்த்தினாள். "இந்தக் குட்டிங்களால என்ன நடக்கும்னு கேட்டா, தெரியாது. ஒண்ணுமே நடக்காமலும் போவலாம். ஆனா இதுங்க கலப்படமில்ல, நம்ம துரைசானியோட சொந்த ரத்தம். உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம, வளையம் இல்லன்னு சொல்லிக் கொல்றதுக்கு எனக்குக் கை வரமாட்டேங்குது. நீங்க கொல்லச் சொன்னா கொல்றேன். அது சங்கத்து முடிவு."

பின்வரிசையிலிருந்து பூங்காவனம் எழுந்தாள். கொழுந்து பறிப்பவள், மூன்று பிள்ளைகளின் தாய்.

"கம்பெனிக்காரன் நம்ம தூளோட கலரைப் பார்த்தே மட்டம்னு தள்ளுனான். குடிச்சுப் பார்த்தவன் எவனும் தள்ளல. நானும் ஒரு தடவ குடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

மங்களேஸ்வரி கை தூக்கச் சொன்னாள். இரண்டு முறை எண்ண வேண்டியிருந்தது. குட்டிகள் மயிரிழையில் பிழைத்தன. சிவபாதம் எதிராகத்தான் கை தூக்கினார், கடைசிவரை இறக்கவில்லை. அவரைப் பார்த்தபோது யோகராணிக்குக் கோபமும் வந்தது, அதைவிட அதிகமாக வேறொன்றும் வந்தது. மனைவி என்பதற்காகக் கை மடக்காத மனிதர்.

அந்த இரண்டு ஆண்டுகள் எளிதாகப் போகவில்லை. பல வீடுகளில் ஆண்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். பூங்காவனத்தின் மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு அங்கே பனியன் கம்பெனியில் சேர்ந்தான். அதன் பிறகு அவள் யோகராணியை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒருநாள் மட்டும் நின்று, "என் வாயாலதான் கெட்டேன்" என்றாள். கூட்டத்தில் தோற்ற சிவபாதமோ, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தூள் பாக்கெட்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோழிக்கோடுவரை போய்க் கடைகடையாக விற்றார். "நான் எதிர்த்தது முடிவு வர்றதுக்கு முன்னாடி. இப்ப இது என் முடிவும்தான்" என்பார்.

குட்டிகள் வளர்ந்தன. எல்லாமே ஆண். தோட்டத்துப் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். வெள்ளைக்குட்டி பாலாடை. கோடு போட்டது ரயில். அழகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாலாடையைத்தான் கேட்டார்கள். தேயிலைத் தூள் நிறத்துக் குட்டியை யாரும் கேட்கவில்லை. அதற்கு 'டஸ்ட்' என்று பெயர். ஃபேக்டரியில் கடைசியாகச் சலித்து விழும் மட்டத் தூளின் பெயர். டஸ்ட் எதைப் போட்டாலும் தின்றது, யார் தூக்கினாலும் கையில் சுருண்டது. முதல் ஆண்டு முடிவதற்குள் பாலாடை இரை எடுக்காமல் இறந்தது. அன்று யோகராணி கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ரத்தம் எடுக்கும் அளவுக்கு அவை வளர்ந்ததும் ரெஹானா தன் கருவிகளோடு வந்தார். சோதனை எளிமையானது. மனித ரத்தத்தில் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷத்தைக் கலந்தால் அது உறையாமல் தண்ணீராகவே நிற்கும். கூடவே சேர்க்கும் சீரம் நல்லதாக இருந்தால் உறையும். நரம்பைத் தாக்கும் நாகம், கட்டுவிரியன் விஷங்களுக்கு வேறு சோதனை வைத்து, நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் பார்த்தார்கள். ரயிலின் சீரம் துரைசானியுடையதைப் போலவே வேலை செய்தது, கூடவுமில்லை குறையவுமில்லை. மருந்து மரபணு இருந்த மற்றவையும் அப்படித்தான். விதியை மாற்ற அது போதாது. யோகராணியின் மனம் சோர்ந்தது.

"ஐந்தாவதையும் வெச்சுப் பார்த்துடலாம்" என்றார் ரெஹானா. கூர்மூக்கு விரியனின் விஷத்தை ஒவ்வொரு குழாயிலும் சொட்டினார். காத்திருந்தார்கள். பிறகு யோகராணி ஒவ்வொரு குழாயாகச் சாய்த்தாள். ரயில்: ரத்தம் வழிந்தது. செம்மண் குட்டி: வழிந்தது. புள்ளிக்குட்டி: வழிந்தது.

டஸ்ட்டின் குழாயைச் சாய்த்தாள். ரத்தம் அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள். அப்போதும் அசையவில்லை. கெட்டியாக உறைந்திருந்தது.

ரெஹானா அவள் கையிலிருந்து குழாயை வாங்கித் தானும் கவிழ்த்துப் பார்த்தார். "இன்னொரு தடவ வைப்போம்" என்றார். வைத்தார்கள். மறுபடியும் உறைந்தது.

"எப்படி மேடம்? ரெட்டை மரபணு ரயிலுக்கும்தானே இருக்கு?"

"தெரியல. மருந்து மரபணுவோட கூட, துரைசானிகிட்ட ஒளிஞ்சிருந்த வேற ஏதோ ஒண்ணு இவன்கிட்ட மட்டும் ரெட்டையா சேர்ந்திருக்கு. அது என்னன்னு கண்டுபிடிக்க எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆகலாம்." ரெஹானா சிரித்தார். அவர் சிரித்து யோகராணி அன்றுதான் பார்த்தாள். "அதுவரைக்கும் இந்த டஸ்ட்ட நல்லா பார்த்துக்குங்க."

வாரியம் விதியிலிருந்து நிறத்தை எடுத்தது. டஸ்ட்டை வளையக்காரப் பெண் பாம்புகளோடு சேர்த்தார்கள். அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் மங்கிய பழுப்பு நிறம் வந்தவற்றுக்கெல்லாம் அதே ரத்தம் இருந்தது. திருப்பூருக்குப் போனவர்கள் சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. பூங்காவனத்தின் மகன் திரும்பவில்லை. ஆனால் ஆய்வுகள் எல்லாம் முடிந்து முதல் சீசாக்களைப் பெட்டியில் அடுக்கிய நாளில், பூங்காவனம் தானாகப் படியேறி வந்து டஸ்ட்டின் கண்ணாடிக் கூண்டருகே நின்று பார்த்தாள். "இவனா?" என்று மட்டும் கேட்டாள். யோகராணி கூண்டைத் திறந்து அவனை அவள் கையில் கொடுத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, பக்கத்துக் கம்பெனித் தோட்டத்தில் புத்னி என்ற பெண்ணைக் கூர்மூக்கு விரியன் கடித்தது. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவள். இந்த மலையில் அவளுக்குச் சொந்தம் என்று யாருமில்லை. தமிழும் அவ்வளவாகத் தெரியாது. தாலுகா ஆஸ்பத்திரியில் மழைமுகட்டின் புதிய மருந்தை அவளுக்கு ஏற்றினார்கள். கடிபட்ட ஒருவரின் உடம்பில் அது ஏறியது அதுதான் முதல்முறை.

"ரத்தம் உறையுது, நல்லது" என்றார் டாக்டர். "ஆனா கிட்னி தப்பிச்சதான்னு சிறுநீர் வந்தாத்தான் தெரியும். காத்திருக்கணும்."

அன்று மதியத்துக்குள் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நிரம்பிவிட்டது. மங்களேஸ்வரி, பூங்காவனம், கூடத்துப் பணியாளர்கள் என்று சங்கத்தில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் சிறுநீருக்காக அத்தனை பேரும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். பக்கத்து அறையில் தன் முறைக்காகக் காத்திருந்த சிவபாதம் எழுந்து வந்து மனைவியின் அருகில் நின்றார். சென்னையிலிருந்து ரெஹானா நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டிருந்தார்.

மாலை வெயில் சன்னலில் இறங்கியபோது வார்டின் கதவு திறந்தது. நர்ஸ் கையில் பை இருந்தது. மங்கலாக இல்லை, ரத்தமாக இல்லை. தெளிந்த மஞ்சளாக, முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"வந்திடுச்சுங்க" என்றாள் நர்ஸ். "ரெண்டாவது பை மாட்டியிருக்கு."

மங்களேஸ்வரி ஓவென்று கத்தினாள். பூங்காவனம் கையெடுத்துக் கும்பிட்டாள், யாரை என்று தெரியவில்லை. யோகராணி மட்டும் அசையாமல் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் உடம்பு அந்த வேலையை மறந்து வருடக்கணக்காகிறது. அவர் அந்தப் பையை, சாமி ஊர்வலம் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிரா கை தூக்குன ஆளுதானே நீங்க?" என்றாள் அவள்.

"ஆமா. தோத்துட்டேன்." சிவபாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "தோத்ததுக்கு இவ்வளவு சந்தோசம் எனக்கு என்னைக்கும் வந்ததில்ல புள்ள."

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் குரலைப் பதிவு செய்தார். பழைய கூட்டங்களில் பேசிய அதே செயலாளர் குரல், தாழ்வாரம் அதிர்ந்தது. "மழைமுகட்டு மக்களே! நம்ம மருந்து வேலை செஞ்சிருச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணுக்குப் போயிருச்சு. ஒரு பை நிறைய! நம்ம டஸ்ட்டு காப்பாத்திட்டான்!"

"சிவபாதம் அய்யா, மெஷின் ரெடி, வாங்க" என்று டயாலிசிஸ் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"இரும்மா, வர்றேன்" என்றார் அவர். "எஸ்டேட்டு மேல் டிவிசன் லைன்ல டவர் கிடைக்காது. அங்க ஆபீஸ் போன்ல கூப்பிட்டு அவங்களுக்கு இன்னொரு தடவ சொல்லிட்டு வர்றேன்."